கேரவனுக்கு மின் இணைப்பு: கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தோட்ட வீடுகளிலும் விருந்தினர் இல்லங்களிலும் மின்வேலை பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் கீசர் பழுது, மோட்டார் பழுது என்றுதான் அழைப்பார்கள். இப்போது சில ஆண்டுகளாக முற்றங்களில் கேரவன்கள், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டிகள், வந்து நிற்கின்றன. சமவெளியிலிருந்து காருக்குப் பின்னால் இழுத்து வருகிறார்கள். வீட்டுக்காரர் மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுக்கிறார். அன்று இரவே எனக்குத் தொலைபேசி வருகிறது.

வண்டிக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சுவிட்ச் பெட்டியைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற வயர்மேனுடையது. திறக்காமலே கண்டுபிடிக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. இங்கே பெரும்பாலும் அவற்றைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் சாதாரண பிளக் பாயின்டிலேயே கேரவனை மாட்டிக்கொள்ளலாமா?

மாட்டலாம், ஆனால் எந்தப் பாயின்ட் என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இரண்டு வகை உண்டு. செல்போன் சார்ஜர் மாட்டும் சின்னது 6 ஆம்பியர். கீசருக்கும் மோட்டாருக்கும் வைத்திருக்கும் பெரியது 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் சின்னது 1,380 வாட் வரையும் பெரியது 3,680 வாட் வரையும் தாங்கும். கேரவனுக்குப் பெரியதுதான் வேண்டும்.

பெரிய பிளக்கைச் சின்ன பாயின்டில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. கேரவனுக்கு அதைத் தொடவே வேண்டாம். பாயின்டுக்குப் பின்னால் சுவருக்குள் போகும் வயர் மெல்லியது. கன்வெர்ட்டர் மாட்டியதால் அது தடித்துவிடாது. சில கன்வெர்ட்டர்களில் எர்த் முனை (கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் இணைப்பு) பெயருக்கு மட்டும் இருக்கும், உள்ளே எதனோடும் சேர்ந்திருக்காது.

அண்ணா, எல்லாம் மாட்டிவிட்டேன். உள்ளே ஒன்றுமே வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

வீட்டிலிருந்து வண்டியை நோக்கி வரிசையாக வாருங்கள். வீட்டில் மின்சாரம் இருக்கிறதா? அந்தப் பாயின்டின் சுவிட்ச் போட்டிருக்கிறதா? இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் மோட்டார் ஷெட்டில் நான் பார்த்த பழுதுகளில் நல்ல பங்கு இந்தச் சுவிட்ச்தான். அடுத்து, நன்றாக வேலை செய்யும் ஒரு டேபிள் விளக்கை அதே பாயின்டில் மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பாயின்ட் சரி. பிறகு எக்ஸ்டென்ஷன் வயரின் கடைசி முனையில் அதே விளக்கை மாட்டிப் பாருங்கள். அங்கும் எரிந்தால் குறை வண்டிக்குள்தான் இருக்கிறது. வண்டியின் மின்பெட்டியில் எந்த நெம்புகோல் கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

மாட்டும்போது வண்டிப் பக்கம் முதலில், சுவர்ப் பக்கம் கடைசியில். கழற்றும்போது சுவிட்சை அணைத்து, சுவர்ப் பக்கம் முதலில். மழையில் நின்றுகொண்டு உயிருள்ள முனையைக் கையில் பிடிக்கும் நிலை இதனால் வராது.

விளக்கெல்லாம் எரிகிறதே, அப்படியென்றால் இணைப்பு சரிதானே?

கேரவனின் கூரை விளக்கும் தண்ணீர் பம்பும் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. வெளி இணைப்பே இல்லாவிட்டாலும் அவை எரியும். மாலையில் மாட்டிவிட்டு, விளக்கு எரிவதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவார்கள். காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். மூன்று முள் பாயின்டில் ஏதாவது ஒரு கருவியை மாட்டிப் பார்த்தால்தான் 230 வோல்ட் வந்து சேர்ந்ததா என்று தெரியும்.

டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது. ஆனால் ஹீட்டர் ஓடவில்லை. டெஸ்டர் பொய் சொல்லுமா?

டெஸ்டர் காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த இடத்தில் பேஸ், அதாவது மின்சாரம் வரும் முனை, இருக்கிறது. அது திரும்பிப் போகும் நியூட்ரல் வந்ததா, எர்த் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. மூன்று துளைச் சாக்கெட்டை எர்த் துளை மேலே இருக்கும்படி நேருக்கு நேர் பார்த்தால், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். வலப்பக்கம் மட்டும் எரிய வேண்டும். இடப்பக்கம் மட்டும் எரிந்தால் வயர் மாறி இணைக்கப்பட்டிருக்கிறது. கருவிகள் ஓடும், ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹீட்டர் கம்பியில் மின்சாரம் நிற்கும்.

இரண்டு பக்கமும் எரிகிறது, எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. வண்டிக்குள் போட்டு வைத்த ஹீட்டர் வழியாகப் பேஸே சுற்றிக்கொண்டு அடுத்த துளைக்கு வந்து நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் பிளக்கின் உள்ளே கழன்ற திருகுதான் வழக்கமான காரணம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டரை நம்பி முடிவெடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

படியில் கால் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தால் சுரீர் என்கிறது. உள்ளே போய்விட்டால் ஒன்றும் இல்லை. லேசாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. அதன் உடலில் மின்சாரம் ஏறினால் மண்ணுக்கு இறங்க வழியில்லை. உள்ளே இருப்பவர் எதைத் தொட்டாலும் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் எதுவும் தெரியாது. ஒரு கால் ஈர மண்ணிலும் ஒரு கை வண்டியிலும் இருப்பவர்தான் நடுவில் வயராக மாறுகிறார். குழந்தைகள் வெறுங்காலோடு புல்லில் ஓடிவந்து கதவைப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

காரணம் சின்னதாகவும் இருக்கலாம். பேட்டரி சார்ஜர் போன்ற கருவிகளுக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் அறுந்திருந்தால் அவை வழியாக ஏறக்குறைய பாதி வோல்டேஜ், அதாவது 110, 115 வோல்ட், வண்டி உடலில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. காரணம் பெரியதாகவும் இருக்கலாம்: எங்கோ பேஸ் வயர் உரசி உடலைத் தொட்டிருக்கும். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் எர்த் இல்லை என்பது உறுதி. அதுவே போதிய ஆபத்து.

உடனே செய்ய வேண்டியது: வண்டியைத் தொடாமல் வீட்டுப் பக்கம் போய்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். உள்ளே இருப்பவர்களை அதுவரை இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இறங்கியே தீர வேண்டும் என்றால் கைப்பிடியைத் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும்.

வண்டியைப் பிரித்து எல்லாம் பார்த்துவிட்டோம், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஷாக் அடிக்கிறது. எப்படி?

வண்டி சுத்தமாகவே இருக்கலாம். ஒரு தோட்ட வீட்டில் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வண்டியில் எல்லாவற்றையும் அணைத்தாலும் உடலில் மின்சாரம். பிளக்கை உருவினால் இல்லை. கடைசியில், வீட்டுக் குளியலறைக் கீசரை அணைத்ததும் வண்டியில் ஷாக் நின்றது.

நடந்தது இதுதான். அந்த வீட்டின் எர்த் வயரை யாரோ பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் குழாய் மண்ணுக்குள் வெகு தூரம் போனதால் அது ஓரளவு வேலை செய்தது. பிறகு ஊற்றிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே கறுப்பு ஹோஸ் இழுத்தபோது இரும்புக் குழாயை வெட்டிவிட்டார்கள். எர்த் வயர் அந்தரத்தில் தொங்கியது. கீசரின் ஹீட்டர் கம்பி பழுதாகி மின்சாரத்தை எர்த் வயரில் விட்டது. வீட்டில் எல்லாப் பாயின்டின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்தவை அல்லவா? கீசரின் மின்சாரம் மோட்டார் ஷெட் பாயின்ட் வழியாக முற்றத்தில் நின்ற வண்டியின் உடலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் உலர்ந்த தரையில் செருப்போடு நடந்தவர்கள் அதை உணரவே இல்லை. புதிய எர்த் குழி தோண்டி, கீசர் கம்பியை மாற்றி, மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் டிரிப்பர் (ஆர்.சி.சி.பி.) வைத்த பிறகுதான் அங்கே மறுபடி வண்டியை மாட்ட விட்டேன்.

எங்கள் வீட்டில் எர்த் நன்றாக இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துச் சாக்கெட்டில் மூன்று அளவுகள் எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். அங்கே 20, 40 என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ சரியில்லை.

அளவு சரியாக வந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது; நூலளவு எர்த் இருந்தாலும் அது 230 என்று காட்டிவிடும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் வயர்மேனை அழைத்து ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில், மண் காய்ந்திருக்கும்போது எர்த்தின் தடையை, அதாவது ஓம் அளவை, எடுங்கள். மழைக்காலத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும்.

எங்கள் நிலத்தில் நாலடி தோண்டினால் பாறை. எர்த் எப்படிக் கிடைக்கும்?

நீலகிரியில் பாதிப் பேருக்கு இதே கவலை. கொடைக்கானல் பக்கமும் அப்படித்தான் என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டரை மீட்டர் குழாயை நேராக இறக்க முடியாவிட்டால், மண் ஆழமுள்ள இடத்தைத் தேடி வீட்டிலிருந்து சற்றுத் தள்ளியாவது குழி போடுங்கள். கழிவுநீர் போகும் பக்கம், வாழை வைத்திருக்கும் பக்கம் ஈரம் தங்கும். முடியாவிட்டால் ஆழம் குறைந்த பள்ளத்தில் இரும்புப் பட்டையை நீளவாக்கில் புதைக்கலாம். இரண்டு குழிகள் போட்டு இணைக்கலாம்.

பாறை நிலத்தில் எர்த் 5 ஓமுக்குக் கீழே வராமல் 50, 80 என்று நிற்கக்கூடும். அப்படிப்பட்ட எர்த்தில் பேஸ் வண்டியின் உடலைத் தொட்டாலும், அதிக மின்னோட்டத்துக்குத் துண்டிக்கும் எம்.சி.பி. விழாது. 80 ஓமில் 230 வோல்ட் மூன்று ஆம்பியரைக்கூட விடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்றே நினைக்கும். ஆனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அங்கே கண்டிப்பாக விழும். உடலில் 50 வோல்ட் ஏறும் முன்பே அது விழ, கணக்குப்படி 1,666 ஓம் எர்த் இருந்தாலே போதும். அதனால்தான் மலையில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வெளிப்புறப் பாயின்ட் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் மன்றாடுகிறேன்.

பிளக்கை மாட்டியதும் டிரிப்பர் விழுகிறது. வண்டியில் எல்லா எம்.சி.பி.யையும் அணைத்தாலும் விழுகிறதே?

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் அதிக லோடு அல்லது ஷார்ட். சோதனைப் பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால், போன மின்சாரம் நியூட்ரல் வழியாக முழுதாகத் திரும்பவில்லை, எங்கோ கசிகிறது.

வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை முனை எம்.சி.பி.தான் இருக்கும். அது பேஸை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி. அணைந்திருந்தாலும் வீட்டு ஆர்.சி.சி.பி. விழும். எனவே அணைப்பது போதாது. கருவிகளின் பிளக்கை ஒவ்வொன்றாக உருவிச் சோதியுங்கள். கீசர், கெட்டில், ஃபிரிட்ஜின் ஹீட்டர் கம்பி என்ற வரிசையில் தொடங்குங்கள். மாதக்கணக்கில் ஓடாத ஹீட்டர் கம்பி ஈரம் இழுத்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் உருவிய பிறகும் விழுந்தால், வண்டியின் வெளி இணைப்பு முனையில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் டிரிப்பரைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லை.

பிரச்சினை இருக்கிறது, அதைச் சொல்வதற்கு இப்போது ஆள் இல்லை. இன்றே பழையபடி இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை மாட்டாதீர்கள்.

ஹீட்டர் போட்டால் விளக்கு மங்குகிறது. 50 மீட்டர் வயர் இழுத்திருக்கிறோம், அதனாலா?

அதனால்தான். கடையில் கிடைக்கும் 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 மீட்டர் என்றால், போய் வர 100 மீட்டர். அதன் தடை ஏறக்குறைய 2 ஓம். 2,000 வாட் ஹீட்டர் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரிலேயே 16, 17 வோல்ட் போய்விடும். வீட்டுக்கே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் வண்டிக்கு ஏறக்குறைய 185தான் வரும். 180 வோல்ட்டில் ஹீட்டரின் சூடு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகிச் சூடேறும். அது ஹீட்டரைவிடப் பெரிய நஷ்டம்.

2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கம்பி, ரப்பர் உறை போட்ட வயர் வாங்குங்கள். நீளம் 25 மீட்டருக்குள் வரும்படி வண்டியை நிறுத்துங்கள். சுருளில் சுற்றிய வயரை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே ஹீட்டர் ஓட்டினால் உள் சுற்றுகள் சூடேறி உறை உருகி ஒட்டிக்கொள்ளும். பிளக் முனையில் பழுப்பு நிறமோ மீன் வாடை போன்ற கருகல் நாற்றமோ வந்தால், பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் எரித்துவிடும்.

பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் இங்கேதானே இருக்கின்றன? எங்கள் மலையிலேயே ஏன் வோல்டேஜ் குறைகிறது?

நியாயமான ஆதங்கம். பைக்காரா மின் நிலையம் 1932 முதல் ஓடுகிறது. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறிப் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. உங்கள் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது, கடைசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சரிவுகளில் தாண்டித் தாண்டி வரும் கம்பியின் நீளம். நாலு வீடுகளுக்காக ஒரு கிலோமீட்டர் போகும் கம்பியில், மாலை எல்லாரும் கீசர் போட்டால் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். முன்மாலையிலேயே வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைவதைவிட ஏறுவதற்கு அதிகம் பயப்படுங்கள். சில விளக்குகள் மங்க, வேறு சில கண் கூசும்படி எரிந்தால், மும்முனை இணைப்பில் பொது நியூட்ரல் விட்டுப்போகிறது. வோல்டேஜ் 400-ஐ நெருங்கக்கூடும். வண்டியின் பிளக்கை அந்த நொடியே உருவிவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மழை, பனிமூட்டம், காட்டெருமை... வயரை எப்படிப் போடுவது?

கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கடுமை. மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் எல்லாவற்றையும் நனைக்கும். இரண்டு வயர்கள் சேரும் இடத்தைப் புல்லில் போடாதீர்கள். செங்கல்லின் மேலாவது தூக்கி வையுங்கள். பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டினால் வேர்வை உள்ளேயே தங்கும், மூடி போட்ட இணைப்பே நல்லது. வண்டிக்குள் நுழையும் முன் வயர் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். வழிந்துவரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

இரவில் காட்டெருமைகள் முற்றத்துக்கே வருகின்றன. நடைபாதைக்குக் குறுக்கே தரையில் கிடக்கும் வயரைக் குளம்பு மிதித்தால் உறை கிழியும். வேலி ஓரமாகக் கொண்டு போங்கள். காலையில் முழு நீளத்தையும் கண்ணால் பார்க்காமல் கையில் எடுக்காதீர்கள். இடி கேட்டால் பிளக்கை உருவிவிடுங்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறோம். அதிலும் டிரிப்பர் காப்பாற்றும்தானே?

பெரும்பாலும் காப்பாற்றாது. கையில் தூக்கும் சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. கசியும் மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லாததால் ஆர்.சி.சி.பி. அதைக் காணாது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழும். அதை வைத்து ஏமாறாதீர்கள். அந்தப் பொத்தான் டிரிப்பரின் உள் இயக்கத்தை மட்டும் சோதிக்கிறது, எர்த்தை அல்ல. ஜெனரேட்டரிலேயே நியூட்ரலை அதன் உடலோடு சேர்த்து, அதற்குப் பிறகு ஆர்.சி.சி.பி. வைப்பதை வயர்மேன் செய்து தருவார்.

ஜெனரேட்டரை வண்டியின் கதவு, சன்னல் பக்கம் வைக்காதீர்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். மூடிய அறைக்குள் கரியைப் போட்டுத் தூங்கி, எழாமலே போனவர்கள் மலையில் உண்டு.

டிசம்பரில் ஊட்டி போகிறோம். லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்கிறார்கள், உண்மையா?

தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், நல்ல பேட்டரி தானாகவே சார்ஜை மறுக்கும். அது பழுதில்லை. வெயில் வந்து வண்டி சூடானதும் ஏறும்.

வளைவில் இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது.

இது 12 வோல்ட் பக்கத்துக் குறை. காருக்கும் கேரவனுக்கும் நடுவே உள்ள ஏழு முனை இணைப்பில், வெள்ளை வயர் வரும் மூன்றாம் முனைதான் எல்லா விளக்குகளின் மின்னோட்டமும் திரும்பிப் போகும் பொது வழி. அது துருப்பிடித்திருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்யாமல் மேட்டுப்பாளையம் சாலையில் இறங்காதீர்கள். பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு உங்கள் பிரேக் புரிய வேண்டும்.

பகலெல்லாம் சரியாக இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி.

இதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்த பழுது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். சார்ஜர் கொஞ்சம், ஃபிரிட்ஜ் கொஞ்சம் என்று சின்னச் சின்னக் கசிவுகள் சேர்ந்து பத்து வரை வந்து நிற்கும். குளிரில் ஈரம் படியும் நேரத்தில் மேலும் ஐந்து சேர்ந்தால் போதும். காலையில் நீங்கள் மீட்டரை எடுக்கும்போது ஈரம் காய்ந்துவிடுகிறது.

ஓர் இரவுக்கு ஒரு கருவி வீதம் பிளக்கை உருவிவிட்டுத் தூங்குங்கள். எதை உருவிய இரவில் விழவில்லை என்று குறித்து வையுங்கள். ஒரு குடும்பம் நாலு இரவு பொறுமையாக இதைச் செய்தது. எந்தக் கருவியை உருவினாலும் விழுந்தது. அந்தத் தகவல்தான் எனக்கு வழி காட்டியது. கருவிகளை விட்டுவிட்டுச் சுவர்களைப் பார்த்தேன். நால்வர் மூச்சு சன்னல் கண்ணாடியில் நீராகப் படிந்து, வழிந்து, கட்டிலுக்குப் பின்னால் பலகைக்குள் இருந்த சாக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. சாக்கெட்டை ஒரு முழம் மேலே மாற்றினேன். தூங்கும்போது மேல் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைக்கச் சொன்னேன். அதன் பிறகு அந்த வண்டியில் விழவில்லை.